அவர் கழுவாமல் போன பிரஷ்

மார்ச் 3, செவ்வாய்

மகளைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். முப்பத்தெட்டு வயதில் பரு. ஹோட்டல் வரவேற்பில் வேலை. மேக்கப் இல்லாமல் நிற்க விடமாட்டார்களாம். டாக்டர் மேக்கப்பைக் குறை சொல்லவில்லை. "பிரஷ்ஷெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவையாவது கழுவுறீங்களா? பழைய பவுடரும் எண்ணெயும் தங்கிட்டா கிருமி சேர்ந்துடும்" என்றார். மகள் கூரையைப் பார்த்தாள்.

"எங்க வீட்ல அழுக்குக்கு இடமே கிடையாது, டாக்டர்" என்றேன். கான்வென்ட்டில் பழகிய குரல். இன்னும் தேயவில்லை.

மார்ச் 4, புதன்

அவளுடைய நான்கு பிரஷ்களையும் நானே கழுவினேன். வெதுவெதுப்பான நீர், குழந்தை ஷாம்பு இரண்டு சொட்டு. முடி கீழே பார்க்க, உள்ளங்கையில் வட்டமாக, தண்ணீர் தெளியும்வரை. பிறகு துண்டில் ஒற்றி, மேசை விளிம்பில் முடி வெளியே நீட்ட, படுக்கப் போட வேண்டும். நிற்க வைத்தால் ஈரம் இறங்கி அடிப்பசை விட்டுவிடும்.

இதெல்லாம் என் வீட்டுக்காரர் செய்யப் பார்த்துக் கற்றது. அவருடைய போட்டோ ஸ்டுடியோவில் ஒவ்வொரு முகத்துக்குப் பிறகும் கழுவுவார். ஒரே மாதிரி ஆறு பிரஷ் வைத்திருந்தார், ஒன்று காய்ந்தால் ஒன்று. முதன்முதலில் அங்கே போனபோது எனக்குப் பத்தொன்பது வயது, வேலை விண்ணப்பத்துக்குப் படம். தாடை முழுக்கப் பரு. தலையைக் குனிந்தே இருந்தேன். அவர் உற்றுப் பார்க்கவும் இல்லை, பார்வையைத் திருப்பவும் இல்லை. "இது கழுவிக் காஞ்சது. பயப்படாம நிமிருங்க" என்றார்.

நிமிர்ந்தேன். அன்றிலிருந்து குனியவில்லை.

மார்ச் 11, புதன்

மறுபடி பரு. வலது கன்னத்தில் மட்டும். தலையணை உறையா? நான் வெந்நீரில் போட்டு எடுப்பது. செல்போனா?

"நீ என்ன, போலீஸா?" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

புதிதாக மூன்று. எண்ணவில்லை என்றேன் அவளிடம். பொய்.

மார்ச் 17, செவ்வாய்

பீரோவில் அவருடைய பிரஷ்ஷைச் சுற்றி வைத்த கைக்குட்டை மூன்றாக மடிந்திருந்தது. நான் நான்காக மடிப்பவள்.

"நீதானே எடுத்தே?"

"ஆமா. வேலைக்குப் போறப்ப கன்னத்துல ஒரு தடவ தடவிக்குவேன். அப்பா வாசனை அடிக்குதும்மா. அன்னிக்குப் பொழுது ஓடிடும்."

"கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் — ஐந்து வயது முகம். பிறகு, "இத எப்ப கடைசியா கழுவின?" என்றாள் மெதுவாக.

அவர் அதைக் கடைசியாக எடுத்தது எப்போது? நான் ஓய்வு பெற்ற நாள் காலை. விழாப் படத்துக்காக அவரே என் கன்னத்தில் பவுடர் ஒற்றினார். "சாயங்காலம் கழுவிக்கிறேன்" என்று மேசைமேல் வைத்தார். மதியம் நெஞ்சுவலி. முடிந்தது.

"அப்பா போனதுக்கப்புறம் கழுவினதே இல்ல" என்றேன்.

"ஒன்பது வருஷமா? நீயா? டாக்டர்கிட்ட அப்படி நிமிர்ந்து உக்காந்து சொன்னியே!"

சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. நானும். ஞாயிறுதோறும் நானும் அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்வதைச் சொன்னேன். என் கிழட்டுத் தோல் எதையும் தாங்கும். அவளுடையது தாங்கவில்லை.

மார்ச் 18, புதன்

"எனக்காகக் கழுவ வேணாம்மா. நான் தொடமாட்டேன்" என்கிறாள். தொடாமல் இருக்க முடியுமா அவளால்? என்னால் முடிந்ததா?

கழுவினால் என்ன மிச்சம்? அவர் கை கடைசியாக என் முகத்தில் பட்டது இந்த முடிக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஒரு முகத்தின் பவுடரை இன்னொரு முகத்தில் வைக்க விட்டிருப்பாரா அவர்? என் முகத்துடையதாக இருந்தாலும்? பெற்ற மகள் கன்னத்திலா? கத்தியிருப்பார். நான் அவருக்காகக் காத்து வைத்திருப்பது அவருக்கே பிடிக்காத ஒன்று.

மார்ச் 19, வியாழன்

கழுவிவிட்டேன்.

முதல் தண்ணீர் பழுப்பு. கொட்ட மனமில்லாமல் கொஞ்ச நேரம் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்தாவது தண்ணீர் தெளிந்தது. ஏழெட்டு முடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். ஷாம்பு. வெறும் ஷாம்பு.

அழவில்லை என்று எழுத வந்தேன். இங்கே யாரை ஏமாற்ற?

ஏப்ரல் 19, ஞாயிறு

மகள் ஹோட்டலுக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு இன்று போகிறாள். அவருடைய பிரஷ்ஷை அவள் பைக்குள் நானே வைத்தேன். "உனக்கு வேணாமாம்மா?" என்றாள். "என்னை இனிமே யாரு படம் எடுக்கப் போறாங்க?" என்றேன்.

வலது கன்னத்தில் தழும்பு கொஞ்சம் உண்டு. புதிதாக ஒன்றும் இல்லை. வாசலில் நிறுத்தி, கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"கை கழுவினியா?" என்றாள்.

என்னையா கேட்கிறாள்! கழுவித்தான் இருந்தேன். இன்னொரு தடவை தொட்டேன்.