வெள்ளைப் பூக் கண்டங்கத்தரிக்கு நான் சொன்ன சாட்சி

என் பிரியமுள்ள எஸ்தர் அக்கா,

நீங்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து எட்டு மாதம் ஆகிறது. நர்ஸ் வேலைக்கு நடுவிலும் என் கடிதங்களில் எழுத்துப்பிழை திருத்துவீர்கள். இனி பிழை பிழையாகவே இருக்கும்.

அந்த வெள்ளைப் பூக் கண்டங்கத்தரி கிணற்றடியில் இன்னும் இருக்கிறது. ஊதாப் பூப் பூப்பது வழியெல்லாம் முள்ளோடு கிடக்கும். வெள்ளை அபூர்வம். ஆனைக்குட்டம் பக்கம் கண்டபோது கர்த்தரே காட்டினார் என்று பெயர்த்து வந்தேன். பட்டாசுக் கம்பெனியில் கந்தகம் சலிக்கும் என் வீட்டுக்காரருக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். நாலாம் நாள் இருமல் நின்றது. சபையில் எழுந்து சாட்சி சொன்னேன்.

வீடு திரும்பும் வழியில் நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா?

“ஏட்டி, கஷாயம் குடுத்தது தீபாவளிக்கு முன்னயா, பின்னயா?”

“பின்னதான்.”

“அப்பம் கம்பெனி லீவு. கந்தகத்தையே பாக்காத மனுசன் எதுக்கு இருமணும்?”

“உங்களுக்கு விசுவாசம் இல்லக்கா.”

“எனக்கு நெறைய இருக்கு. ஒன் வீட்டுக்காரருக்குத்தான் மூச்சு இல்ல. பட்டாசு சீசன்ல குடுத்து, குடிச்ச நாளையும் குடிக்காத நாளையும் எழுதிப் பாரு.”

கோபத்தில் ஒரு மாதம் உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. சீசன் வந்ததும் எழுதினேன்; பால் கணக்கு எழுதிப் பழகிய கைதானே. அதற்குள் நீங்கள் இல்லை. கஷாயம் குடித்த வாரமும் அதே இருமல், குடிக்காத வாரமும் அதே இருமல். கம்பெனி இல்லாத ஞாயிறுகளில் மட்டும் குறைவு.

முந்தாநாள் தீப்பெட்டி ஒட்டும் செல்லத்தாய் வந்தாள். மகளுக்குச் சயரோகம். ஆஸ்பத்திரி ஊசியை நிறுத்திவிட்டு, என் செடியை நம்பி வந்திருக்கிறாள்.

“ஒரு கொப்பு ஒடிச்சுக் குடுங்க, ரூத்தக்கா. ஊசின்னா பிள்ள அழுவுறா.”

“இது கேக்காது தாயி. ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போ.”

“கோயில்ல எந்திரிச்சுச் சொன்னீகன்னு தெருவே பேசுது. ஒங்க வீட்டுக்குன்னா கேக்கும், எங்களுக்குன்னா கேக்காதாக்கும்?”

நோட்டை விரித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் செடியை ஒளித்துக்கொள்கிறேன் என்று எண்ணிப் போய்விட்டாள். நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை.

செடியைப் பிடுங்கவில்லை. வேறு எதற்காவது அதற்குக் குணம் இருக்கலாம். எழுதிப் பார்க்காமல் இனி வாய் திறக்கமாட்டேன்.

நாளை ஞாயிறு. அதே இடத்தில் எழுந்து, தவறாகச் சொன்னேன் என்று சொல்வேன். என் சாட்சி அவள் தெருவரை போயிற்று; திரும்ப எடுப்பதும் அங்குவரை போகவேண்டாமா? ஆராதனை முடிந்ததும், அன்று என் சாட்சியைக் கேட்ட பெண்களையே கூட்டிக்கொண்டு அவள் வாசலில் நிற்பேன். கதவு திறக்கும்வரை திரும்பமாட்டேன். ஊசி போடும்போது அந்தப் பிள்ளையின் கையை நான் பிடித்துக்கொள்கிறேன், அக்கா.

உங்களைக் கோபித்து ஒரு மாதத்தை வீணாக்கிய தங்கை,
ரூத்