படகுக்காரனுக்கு நிழல் இல்லை

மச்சாள்,

நேற்றுப் பின்னேரம் டவுனுக்குப் போய் அந்த இரண்டு கசெற்றையும் திரும்ப வாங்கி வந்தேன். பழைய வீடியோக் கசெற்றுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. கவரைத் திறந்ததும் பூஞ்சணமும் பூச்சி உருண்டையும் கலந்த அந்த மணம் வந்தது, உன் சாறிப் பெட்டியின் மணம். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அக்கா, இது நாடகந்தானே. இப்ப போன்லயே கிடக்கு. என்னத்துக்கு இதத் தூக்கிக்கொண்டு வந்தீங்க?"

"கடைசிவரைக்கும் ஏத்தினீங்களா தம்பி?"

"ஓம், கடைசிமட்டும் ஏத்தியிரிக்கி."

எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்து படகு நாடகத்தின் இரண்டாம் பாகத்தை முதலில் இருந்து போட்டுப் பார்த்தேன். அந்தத் தொடருக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. நீயும் நானும் அதைப் படகு நாடகம் என்றுதான் சொல்வோம். இப்போதும் சொல்கிறேன், ஒரு மாயக்கதையின் பாகத்தை அப்படித்தான் தொடங்க வேண்டும். முதற் பாகத்தின் முடிவில் மந்திரக்காரி இளவரசியைக் கல்லாக்கிவிட்டுப் போயிருந்தாள். இப்போதைய தொடர்களாக இருந்தால் பழைய கதையைத் திருப்பி ஓட்டியே பாதி நேரத்தைத் தின்றிருப்பார்கள். இதில் பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. இருட்டில் தண்ணீர் மட்டும். துடுப்பு நனைகிற சத்தம். பிறகு ஒற்றை விளக்கோடு ஒரு படகு மெல்ல மெல்ல வருகிறது. யார் வருகிறார், யாரைத் தேடி வருகிறார் என்று ஒருவரும் சொல்வதில்லை. அரண்மனைச் சுவர் அட்டை என்று நன்றாகத் தெரிகிறது. கல்லான இளவரசி மூச்சு விடுகிறாள். இருந்தும் அந்தப் படகு கரைக்கு வரும்போது என் கை வேர்த்துவிட்டது. நாடகத்துக்காக மட்டும் வேர்க்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் வெறும் கசெற் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஏறாவூரில் கசெற் கடை வைத்திருந்த முஸ்லிம் காக்காவின் தம்பி வளைகுடாவில் இருந்து நாடகங்களைப் பதிந்து அனுப்புவார். நமக்கு ஒரு பிரதி வேண்டுமென்றால் நம்முடைய கசெற்றைத்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதில் ஏற்கெனவே இருந்ததின் மேல் நாடகம் ஏறும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது என்று ஒரு கணக்கு இருந்தது. கலியாணக் கசெற்றை மட்டும் யாரும் தொடமாட்டார்கள்.

இரண்டாம் பாகம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று, என்னிடம் கேட்காமலே என் அலுமாரியில் இருந்து ஒரு கசெற்றை எடுத்துக்கொண்டு நீ ஏறாவூருக்குப் பறந்துவிட்டாய். புருசனின் தங்கச்சிக்கு என் அலுமாரியைத் திறக்க யாருடைய அனுமதி வேண்டும். கவரில் 'சித்தாண்டிக் கோயில் திருவிழா' என்று எழுதியிருந்தது. நீ திரும்பி வந்து, வாடகைக்கு எடுத்த டிவிக்கும் டெக்குக்கும் ஜெனரேற்றருக்கும் முன்னால் அயலட்டைச் சனத்தை எல்லாம் உட்கார வைத்துவிட்டு அந்தக் கவரை எனக்குக் காட்டினாய்.

"ஏன்கா மூஞ்சி இப்பிடிப் போகுது? திருவிழா வருசா வருசம் வருந்தானே" என்றாய்.

அது திருவிழா இல்லை. இயக்கத்துக்குப் போன என் தம்பியின் அடக்கம். அது வாவிக்கு அப்பால் இயக்கத்தின் பகுதியில் நடந்தது. பாதை மூடியிருந்ததால் அன்று அம்மா வாவியைக் கடந்து அங்கே போய்ச் சேரவில்லை. பிறகு யாரோ கொண்டுவந்து கொடுத்த கசெற்றைப் போட்டுப் பார்க்கவும் வழியில்லாமல், திருவிழாக் கவருக்குள் ஒளித்து என்னிடம் தந்திருந்தா. அந்த நாட்களில் இப்படியான ஒன்று வீட்டில் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியாதோ அத்தனைக்கு நல்லது. அதனால் உனக்கும் நான் சொல்லவில்லை.

அன்று அந்தச் சனத்தின் நடுவில் இருந்து நாடகம் பார்த்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எல்லாரும் படகைப் பார்த்தார்கள். நான், நாடகம் முடிந்தால் அடியில் இருந்து என்ன வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவில் எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் எழும்பிப் போய் டிவியை அணைத்தேன். ஜெனரேற்றர் சூடாகிவிட்டது என்று பொய் சொல்லிச் சனத்தை அனுப்பினேன். பிறகு நீயும் நானும் கதவைச் சாத்திவிட்டு மிச்சத்தை ஓடவிட்டோம். கொஞ்ச நேரம் வெள்ளைப் புள்ளிகள். அதன் பிறகு தம்பி. ஊர்வலமும் பேச்சுகளும் நாடகத்துக்குள் போய்விட்டன. பெட்டியை மூடுவதற்கு முன் முகத்தைக் காட்டுகிற இடம் மட்டும் மிஞ்சியிருந்தது.

நீ தலையில் அடித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துவிட்டு, "அம்மா இதப் பாக்கோணும் கா" என்றாய்.

"சென்றியத் தாண்டி எப்பிடிக் கொண்டுபோற?"

"முதல்ல நாடகந்தானே வரும். ஆர்கா கடைசிமட்டும் இரிந்து பாப்பான்?"

அம்மா அப்போது சித்தாண்டியில் பாயோடு கிடந்தா. இல்லையென்றால் உன் பேச்சை நான் கேட்டிருக்கமாட்டேன்.

ஏறாவூருக்கு இந்தப் பக்கத்து ஆமிச் சென்றியில் சோதனைக்கென்று பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் ஒருவன் என் பைக்குள் கையை விட்டுக் கசெற்றை எடுத்தான். இயக்கத்தின் படங்கள் கசெற்றில் போய்வருவதாகத் தகவலாம், எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துத்தான் விடுவார்களாம். பக்கத்தில் ஆளில்லாத வீடு ஒன்றை அவர்கள் எடுத்து வைத்திருந்தார்கள். அதற்குள் டிவியும் டெக்கும் இருந்தன. சின்ன வயது ஒபிசர் ஒருவன் கதிரையில் இருந்தான். நாம் சுவரோரம் நின்றோம். உன் அப்பா வெலிக்கந்தையில் கடை வைத்திருந்த காலத்தில் நீ பழகிய சிங்களம் அன்று கைகொடுத்தது.

கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தந்துவிடுவான் என்று நினைத்தோம். படகு வந்தது. ஒபிசர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். அந்த ஆரம்பம் அப்படிப்பட்டது. கெட்ட நாடகமாக இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தப்பியிருப்போம். நன்றாக இருந்ததுதான் நம்மை மாட்டிவிட்டது.

"இது யார்? அந்தப் பெண் ஏன் கல்லாக இருக்கிறாள்?" என்று கேட்டான். நீ சொன்னாய். முதற் பாகம் முழுவதையும் சிங்களத்தில் சொன்னாய். மந்திரக்காரி பேசும்போது அவளைப் போலவே கண்ணைச் சுருக்கிப் பேசினாய். வாசலில் நின்ற ஆமிக்காரர்களும் உள்ளே வந்து நின்றார்கள். அவர்கள் இனிக் கடைசிவரை எழும்பமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. தம்பியின் முகம் அந்த டிவியில் வந்தால் நாம் இரண்டு பேரும் அந்த வீட்டை விட்டு வெளியே வரமாட்டோம்.

படகுக்காரன் கரையில் கால் வைத்தான். மணி அடித்தது. இளவரசியின் கல் விரல் அசைந்தது. எழுத்துகள் ஓடத் தொடங்கின. ஒபிசர் அசையவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாத்தையா, முதற்காட்சியில் நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை" என்ற உன் குரல் கேட்டது. எனக்கும் அவ்வளவு சிங்களம் விளங்கும்.

"என்ன?"

"படகுக்காரனுக்கு நிழல் இல்லை."

அவன் உன்னைத் திரும்பிப் பார்த்தான். "சும்மா சொல்கிறாய்."

"திருப்பிப் போட்டுப் பாருங்கள். துடுப்பின் நிழல் பலகையில் விழுகிறது. விளக்குத் தடியின் நிழலும் விழுகிறது. அவனுடையது இல்லை. அவன் உயிரோடு இருக்கிறவன் இல்லை, மாத்தையா. இளவரசியின் தகப்பன்."

அவன் எட்டி, கசெற்றைப் பின்னால் ஓடவிட்டான். அது சர்ரென்று ஓடுகிற சத்தத்தை நான் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுபடியும் தண்ணீர், துடுப்பு, விளக்கு. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். நிழல் இல்லை. ஒபிசர் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலச் சிரித்தான். ஒவ்வொரு ஆமிக்காரனுக்கும் விரலால் தொட்டுக் காட்டினான். வெளியில் பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். ஒபிசர் டெக்கை நிறுத்திவிட்டு, "இது இங்கே இருக்கட்டும், இன்னொரு முறை பார்க்க வேண்டும்" என்றான்.

நீ கொஞ்சமும் தடுமாறவில்லை. "வைத்துக்கொள்ளுங்கள் மாத்தையா. ஆனால் கசெற் இல்லாமல் போனால் அடுத்த பகுதியைக் கடைக்காரர் எதில் பதிந்து தருவார்?"

அவன் யோசித்தான். கசெற்றை என் கையில் தந்தான். உன் அடையாள அட்டையை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அடுத்த பகுதி வந்தால் அட்டை வரும் என்றான்.

அட்டை இல்லாமல் நீ பஸ்ஸில் ஏற முடியாது. "நீ போகா. அம்மா பாத்துக்கொண்டிரிப்பா" என்று சொல்லிவிட்டுத் தன்னாமுனைப் பக்கம் வீட்டுக்குத் தனியே நடந்தாய். அன்று நான் பஸ் ஜன்னலால் பார்த்த உன் முதுகை இப்போதும் பார்க்கிறேன்.

சித்தாண்டியில் வாடகைக்கு எடுத்த டெக்கில் அம்மா கசெற்றை முன்னால் ஓட்ட விடவில்லை. அறுந்துபோய்விடும் என்று பயம். நாடகம் முழுவதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுத்தான் மகனைப் பார்த்தா. பிறகு, "நல்லா நித்திரை கொள்ற மாதிரித்தான் இரிக்கான்" என்றா. அதற்குப் பிறகு அவ அதிக காலம் இருக்கவில்லை.

ஆனால் உனக்கு அட்டை வேண்டும். அட்டை இல்லாதவர் ஒரு சுற்றிவளைப்பில் அகப்பட்டால் என்ன ஆகும் என்று உன்னைவிடத் தெரிந்தவர் யார். உன் புருசனை அப்படியொரு சுற்றிவளைப்பில்தானே கொண்டுபோனார்கள். அவர் எங்கே என்று நீ ஏறி இறங்காத காம்ப் இல்லை. அடுத்த பகுதியை என் கசெற்றில் பதிந்தால் அது நேரே தம்பியின் மேல்தான் ஏறும். வெறும் கசெற்றுக்கு நான் ஊரெல்லாம் அலைந்து கிடைக்காமல் வந்தபோது, கவர் இல்லாத கசெற் ஒன்றை நீ என் கையில் தந்தாய்.

"என்ன கசெற் இது?"

"பழசு. பிரயோசனமில்ல. கொண்டுபோய்ப் பதிஞ்சிட்டு வாகா."

நான் கொண்டுபோனேன். காக்கா பதிந்து தந்தார். ஒபிசர் கசெற்றை வாங்கிக்கொண்டு உன் அட்டையைத் தந்தான். அப்பாடா என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை நீயும் நானும் ஏறாவூர்ச் சந்தைக்குப் போகும்போது அவன் உன்னைக் கூப்பிட்டான். கையில் அந்தக் கசெற். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

"நங்கி, நாடகம் முடிந்த பிறகு இதில் ஒரு கலியாணம் வருகிறது. பெண் நீதானே?"

"ஓம் மாத்தையா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இடம்பெயர்ந்து ஓடினபோது உன் வீட்டோடு ஆல்பமும் எரிந்தது. உன் புருசனின் முகம் இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்தக் கசெற்றில் மட்டுந்தான். என் தம்பியின் மேல் நாடகம் ஏறக்கூடாது என்று அதைத்தான் தூக்கி என்னிடம் தந்திருந்தாய்.

"மாப்பிள்ளை இப்போது எங்கே?" என்று அவன் கேட்டான்.

"அதை உங்களிடம் கேட்கத்தான் நான் காம்ப் காம்பாக நடக்கிறேன், மாத்தையா."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாய். கசெற்றை உன் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டான். கொஞ்ச நாளில் வேறிடத்துக்கு மாற்றலாகிப் போனான் என்று சொன்னார்கள்.

சந்தைக்குப் போகாமல் திரும்பி நடந்தோம். உன்னைத் திட்ட வேண்டும் போல் இருந்தது, கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் வராமல், "நிழல் இல்லாதத எப்ப கா கண்ட நீ?" என்று கேட்டேன்.

"அந்த நேரந்தான். பயத்தில எல்லாம் வடிவாத் தெரிஞ்சிச்சி" என்றாய்.

மச்சாள், நீ கண்மூடிப் போன பிறகு உன் மகள் அந்தக் கசெற்றை என்னிடம் தந்தாள். நேற்று இரண்டாம் பாகத்தைப் பார்த்தேன், தம்பியைப் பார்த்தேன். பிறகு உன்னுடையதைப் போட்டேன். மூன்றாம் பாகம் இரண்டாவதற்குக் கால்தூசி பெறாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அது முடிந்ததும் வெள்ளைப் புள்ளிகள், பிறகு பால்பழம் கொடுக்கிற இடம். நீ கரண்டியை அவர் வாய்வரை கொண்டுபோய்விட்டுச் சட்டென்று இழுக்கிறாய். அவர் வாயைத் திறந்தபடி ஏமாந்து சிரிக்கிறார். பொல்லாதவள் நீ அன்றைக்கும்.

அந்தச் சிரிப்பைத்தானே டிவியில் நிறுத்திப் படம் பிடித்துப் பெரிதாக்கினாய். காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்கள் வீதியோரம் கூடுகிற நாளெல்லாம், மழையோ வெயிலோ, அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாய். நீ நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். படம் மங்கல்தான், ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீறல் ஓடுகிறது. போன மாதம் கமராவோடு வந்த பிள்ளை ஒன்று குனிந்து பார்த்துவிட்டு, "இவர எப்ப எடுத்த படம் அம்மா இது?" என்று கேட்டாள்.

"நாடகம் முடிஞ்சாப்பிறகு, மகள்" என்றேன். அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும்.