மேகலா வெளியே வந்துவிட்டாள்

ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் நின்றபோது அந்தப் போஸ்டரைப் பார்த்தேன். அப்போதுதான் ஒட்டியிருந்தார்கள். பசையின் புளித்த வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. தண்ணீருக்குள் ஒரு பெண்ணின் முகம், அதன் மேலே நீ எனக்குப் படித்துக் காட்டிய நாவலின் பெயர். "ஏட்டி, படமா வந்துட்டு" என்று சொல்ல உன் பக்கம் திரும்பினேன். உன் இடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஓடும் பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். அதனால்தான் நீ அந்த நாவலைச் சத்தமாகப் படித்தாய். பக்கத்தில் வாலாஜாபாத்திலேயே வீடு இருந்தும், "வூட்டுக்குப் போனா கல்யாணப் பேச்சுதான்டி" என்று குன்றத்தூரில் என்னோடு அறை எடுத்துத் தங்கியவள் நீ. சங்கரன்கோவிலிலிருந்து வந்து யாரையும் தெரியாமல் இருந்த எனக்கு உன்னைத் தவிர வேறு பேச்சுத்துணை இல்லை.

நாவலில், கடலுக்கடியில் ஓர் ஆய்வுக்கூடம். நாளைய சத்தங்களை இன்றே கேட்டுவிடும் கருவி. அதில் மேகலா தன் அலறலையே கேட்கிறாள். யாரும் அவளை நம்புவதில்லை. நீ அதைப் படிக்கும்போது முன் இருக்கைக்காரர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். டிரைவர் அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டார். கடைசியில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, விடுபட்டுப்போன ஒருத்தியைத் தேடி மேகலா மறுபடி உள்ளே போகிறாள். கதவு மூடுகிறது. அத்தோடு நாவல் முடிந்துவிட்டது.

பஸ்ஸே இரண்டு கட்சியானது. "அவ செத்துதாம் போனா. திரும்பி வந்தா கதையே இல்லியே" என்றேன் நான்.

"இன்னாடி பேசுற? கதவு சாத்திக்கினா செத்துட்டான்னு எவன் சொன்னான்? எழுதுனவனுக்குப் பக்கம் தீந்துபோச்சு, அவ்ளோதான்."

அந்தச் சண்டை நமக்குள் ஓயவே இல்லை. சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் மேகலாவை நீ வெளியே கொண்டுவருவாய். நான் உள்ளே தள்ளுவேன்.

காய்ச்சல் என்றுதான் படுத்தாய். கண் மஞ்சளானதும் உன் அண்ணன் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நான் பார்க்க வந்தபோது, நாவலைப் படமாக எடுக்கிறார்கள் என்ற செய்தியைப் போனில் காட்டினேன். உதடு வெடித்திருந்தும் சிரித்தாய். "ஒண்ணா போலாம். நான் சொன்ன முடிவுதான் வெப்பானுங்க, பாத்துக்கினே இரு" என்றாய். அதற்குமேல் பேச நர்ஸ் விடவில்லை.

உன் அண்ணன் கூப்பிட்டபோது நான் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலையில் நின்றிருந்தேன். போன் லாக்கரில் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து எடுத்துப் பார்த்துவிட்டு, ஓடிவந்து வாலாஜாபாத் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தனியாகவே படத்துக்குப் போனேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. திரையில் கதவு மூடியதும் எழுந்து போய்விட நினைத்தேன். படம் முடியவில்லை. கரையில் அலை பின்வாங்குகிறது. மேகலா இருமிக்கொண்டே எழுந்து உட்கார்கிறாள். தியேட்டரில் விசில் பறந்தது. எனக்குப் பின்னால் ஒருவன், "நாவல்ல இது கெடையாது மச்சி. கெடுத்து வெச்சிருக்கானுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

வாசலில் ஒரு யூடியூப் சேனல்காரர் மைக்கோடு நின்றிருந்தார். "புக்குல இருந்த கெத்து படத்துல இல்ல ப்ரோ, கடைசி சீன வெட்டித் தூக்கிப் போடணும்" என்றார் கண்ணாடி போட்ட ஒருவர். "படம் சூப்பரா கீது. தண்ணி சீன்லதான் பயந்துக்கினே பாத்தேன்" என்றார் ஓர் அம்மா. மைக்கைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவள் நான். ஆனாலும் நின்றேன்.

"அக்கா, நாவல் படிச்சிருக்கீங்களா?"

"படிக்கல. படிக்கக் கேட்டேன்."

"எண்டிங்க மாத்திட்டாங்கன்னு சொல்றாங்களே?"

"மாத்தல தம்பி. கதவு சாத்துனா செத்துட்டான்னு யாரு சொன்னா? அவ வெளிய வந்ததுதான் சரி." அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

மறுநாள் அந்த வீடியோவின் கீழே யாரோ, 'இந்த அக்காவுக்குக் கதையே புரியல' என்று எழுதியிருந்தார்கள். சிரிப்பு வந்தது. காட்டத்தான் ஆள் இல்லை.

நீ இருந்தவரை மேகலா செத்துப்போனாள் என்று நான் தைரியமாகச் சொன்னேன். இல்லையென்று சண்டைக்கு வர நீ இருந்தாய். இப்போது உன் கட்சியையும் நானே பேச வேண்டியிருக்கிறது. அவள் வெளியே வந்துவிட்டாள் என்று ஊரறியச் சொல்லிவிட்டேன். எதிர்த்துப் பேசத்தான் அறையில் யாரும் இல்லை.