எஸ்தர் ஏறிப்போன மெயில் பொட்டி

1900 ஜனவரி 9, செவ்வாய்
பனி. விறகு ஈரம், அடுப்பு பத்தவே இல்ல. வாங்க வேண்டியது: உப்பு, விளக்கெண்ணெய், கேழ்வரகு.
பக்கத்து வீட்டுச் சின்னப்பன், ஜங்ஷன்ல போர்ட்டர், வாசல்ல நின்னு சொன்னான். "அக்கா, மெயில் வண்டிக்கெல்லாம் புதுப் பெயிண்டு. செங்கல் சிவப்பு. தேக்கு வார்னிஷ் பொட்டி ஒண்ணோ ரெண்டோதான் பாக்கி."
"எஸ்தர் பொட்டி?"
"இன்னும் ஓடுது. இந்த வாரத்தோட அதுவும் பெயிண்டு அடிக்க ஒர்க்‌ஷாப்புக்குப் போயிடும்."


10, புதன்
எங்கப்பா காலத்துல கிளாசுக்கு ஒரு நிறம். எழுத்து தெரியாதவங்க நிறம் பார்த்து ஏறுவாங்க. அப்புறம் எல்லாம் தேக்கு. இப்போ சிவப்பு. யார் கேட்டாங்க.
போன வருஷம் இங்க ப்ளேக் பயம். ஏழாம் மாசத்துல எம் பொண்ணு எஸ்தரை அரக்கோணத்துக்கு, மாமியார் வீட்டுக்கே திருப்பி அனுப்பினோம். மொதப் பிரசவம், எங்க வீட்டுல நடக்க வேண்டியது. பொட்டியில உட்கார்ந்து வெத்தலை போட்டா. விரல்ல மிச்சமிருந்த சுண்ணாம்பை ஜன்னலுக்கு வெளியில, கீழே, ஒரே இழுப்பு.
"கம்பெனி வண்டிடி, உங்க மாமியார் வீட்டுச் சுவரா?"
"அங்க இழுத்தா கையை ஒடிச்சிடுவாங்கம்மா." சிரிப்பு.
பிரசவத்துல அவளும் போனா, குழந்தையும் போச்சு. மண்ணு போடக்கூட நான் போய்ச் சேரல.
சுண்ணாம்பு வார்னிஷைத் தின்னுடுச்சு. எவ்வளவு தேய்ச்சாலும் கோடு போகல. எத்தனையோ தடவை போய்ப் பார்த்தேன். சில நாள் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும், பார்க்காமலே வருவேன்.

12, வெள்ளி
கோழி அடை விட்டு எழுந்துடுச்சு. சனியன்.
நாளைக்கு ஜங்ஷன் போறேன்னேன். அவர் ஷிப்டு முடிஞ்சு வந்து கால் கழுவிக்கிட்டிருந்தார். "அந்த வண்டியில இன்னாடி இருக்குது? அவ இருக்கிறாளா?"
துண்டை எடுத்து நீட்டினேன்.
காலைத் தொடைச்சுக்கிட்டே அவரே சொன்னார். சுரங்கத்துக்குள்ள கேஜ்ல இறங்கும்போது தினம் அவ ஞாபகம்தானாம். "போயிட்டு வா."

13, சனி
தூறல், குளிர். விடிஞ்சதும் மெயில். எல்லாப் பொட்டியும் சிவப்பு, கல்யாண வீடு மாதிரி. கடைசியில ஒண்ணு மட்டும் பழசு. ஓடினேன். அவ உட்கார்ந்த ஜன்னல் இந்தப் பக்கம்தான், ஆனா கோடு தெரியல. ஜன்னல்ல ஈரத்துணி தொங்குது. குழந்தைத் துணி, காயப் போட்டிருக்கா. உள்ளே எஸ்தர் வயசுல ஒரு பொண்ணு, மடியில பச்சக்குழந்தை.
துணியைக் கொஞ்சம் தூக்கும்மா. அவ்வளவுதான் கேக்கணும். கேக்காம குழந்தையையே பார்த்தேன்.
"இன்னாம்மா, யாரைத் தேடுறீங்க?"
"யாரும் இல்லம்மா. ஆணா, பொண்ணா?"
"பொண்ணு."
"காதை மூடி வையி. குளிர் அடிக்குது."
"எல்லாத் துணியும் ஈரம்மா."
தோள்ல போட்டிருந்த சால்வையை எடுத்து ஜன்னல்ல நீட்டினேன். வாங்கிச் சுத்தினா. விசில். வண்டி நகர்ந்துடுச்சு.
"அம்மா, உங்க சால்வை! எங்க கொண்டாந்து குடுக்குறது?"
வேணாம்னு கையை ஆட்டினேன்.