வலது கையின் அளவு

இன்று காலை ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் புது இன்ச் டேப் வாங்கினேன். பிரித்ததும் அதே ரப்பர் வாசனை. முதலில் அந்த நர்ஸ் ஞாபகம்தான் வந்தது, உங்கள் ஞாபகம் அப்புறம்தான். இத்தனை வருஷம் கழித்தும் அவளே முந்திக்கொள்கிறாள், பாருங்கள்.

தொண்ணூற்றொன்றில் உங்களுக்குக் குடல் ஆபரேஷன். ஒரு மாதம் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்றார்கள். வலது தோளுக்குக் கீழே குழாய் செருகி, பால் மாதிரி ஒன்றை நேரே ரத்தத்தில் ஏற்றினார்கள். நான் பென்னலூரிலிருந்து பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பேன். பாட்டில் மாற்றும்போதெல்லாம் அவள், "சாப்பாடு வந்தாச்சு!" என்பாள். நீங்களும் சிரிப்பீர்கள். என் சோற்றுக்கு ஒரு நாளாவது அப்படிச் சிரித்திருப்பீர்களா? வயிறு எரிந்தது எனக்கு.

தினமும் உங்கள் வலது கையை டேப்பால் சுற்றி அளப்பாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "குடுங்க சிஸ்டர், எங்க வூட்டுக்காரர் கைய நானே அளந்துக்கிறேன்" என்று பிடுங்கிக்கொண்டேன்.

"சரிம்மா. ஏறுச்சுன்னா உடனே சொல்லணும்" என்றாள்.

லேத் ஓட்டிய நீங்கள், "ஒரு நூல் ஏறுனாகூட பீஸே வேஸ்ட்டுமே" என்று கண்ணடித்தீர்கள்.

மறுநாள் அரை அங்குலம் ஏறியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். சதை பிடிக்கிறது, அதுவும் என் கை பட்ட நேரம் என்று பூரித்துப்போனேன். சொன்னால், தான் ஏற்றிய பாலால்தான் என்று அவள் பீற்றிக்கொள்வாள். அதனால் சீட்டில் எழுதி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"கை கனமா கீதுமே" என்றீர்கள்.

"படுத்தே கெடந்தா அப்படித்தான்" என்றேன்.

மூன்றாம் நாள் உங்கள் கழுத்து நரம்பு புடைத்திருப்பதைப் பார்த்து அவள் டாக்டரிடம் ஓடினாள். குழாய் போன நரம்பில் ரத்தம் உறைந்துதான் கை வீங்கியது, அந்தக் கட்டி நுரையீரலை அடைத்துவிட்டது என்றார்கள். சாயங்காலம் நீங்கள் இல்லை.

சீட்டை வாங்கிப் பார்த்தாள். "முந்தாநேத்தே ஏறியிருக்கேம்மா..." அவ்வளவுதான் கேட்டாள். அதை மடித்து என் கையிலேயே வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். என் புருஷனுக்கு இவள் எதற்கு அழுகிறாள் என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது.

இப்போது ஓரகடம் கம்பெனிக்குப் போகிற பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறேன். கை அளவை மட்டும் இரண்டு தரம் எடுத்து, வாய்விட்டுச் சொல்கிறேன். எதற்கு இப்படிக் கத்துகிறேன் என்று அவர்கள் சிரிக்கிறார்கள்.

அவள் மேல் பொறாமை இன்னும் போகவில்லை. டேப் அவள் கையிலேயே இருந்திருந்தால், நீங்கள் வீடு வந்திருப்பீர்கள்.