நன்றி சொல்லியே தீர்ந்த இரண்டு நிமிடம்

பட்டான்செரு, ஹைதராபாத்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி சந்தீப்புக்கு,

அக்கா பூர்ணா எழுதுவது. நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். ஏன் என்று போகப் போக உனக்கே தெரியும்.

நீ ஜெனீவாவிலிருந்து அனுப்பிய கூட்டச் சுருக்கத்தைக் காலையில் அடுப்படியில் நின்றபடியே போனில் படித்தேன். “ஹைதராபாத்தில் ஒரு தொழிலாளியின் குடும்பம், தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் கேமராக்களை வரவேற்கிறது” என்று போட்டிருக்கிறது. அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றேன். வாணலியில் ரவை கருகிய வாசனை வந்து அத்தான்தான் அடுப்பை அணைத்தார். வரவேற்றது நானா சந்தீப்?

அத்தானுக்குச் சர்க்கரையால் நரம்பு கெட்டு இடது இமை பாதி இறங்கிவிட்டது உனக்குத் தெரியும். மருந்து ஆலையில் ரியாக்டர் பக்கத்தில் நிற்பவர் யாராவது தூங்குகிறாரா என்று பார்க்கக் கேமரா மாட்டினார்கள். அது ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அவர் தூங்குகிறார் என்றே சொன்னது. இப்போது வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டாக்டர் சர்டிபிகேட்டைக் காட்டினால் மேனேஜர், “நேனேம் சேயனு அன்னா, சிஸ்டம் அலா செப்துந்தி” என்று கையை விரித்துவிட்டார். அவர் என்ன செய்வாராம், சிஸ்டம் அப்படிச் சொல்கிறதாம். வெளிநாட்டில் செய்த சிஸ்டம், இங்கே யாராலும் தொட முடியாதாம்.

அப்போது நீதான் வழி சொன்னாய். இந்த மாதிரி இயந்திரங்களுக்கு உலக அளவில் விதி எழுதப் போகிறார்கள், அந்த அறையில் அரசாங்கங்கள்தான் உட்காரும், நம்மைப் போன்றவர்களுக்கு நாற்காலி இல்லை என்றாய். நீ வேலை பார்க்கும் இணைய மன்றத்தில் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பேசலாம், ஆனால் அங்கே எதையும் முடிவு செய்ய மாட்டார்கள், பேசியதைச் சுருக்கி அந்த அறைக்கு அனுப்புவார்கள் என்றாய். நானும் நம்பி, நல்ல புடவை கட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதா? எடுத்த எடுப்பில் குறை சொன்னால் மரியாதை இல்லை. எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன். இத்தனை வருடம் சோறு போட்ட ஆலைக்கு நன்றி சொன்னேன். ரசாயனம் கொதிக்கிற இடத்தில் கண்காணிப்பு நல்லதுதான் என்றேன். “ஆனால்” என்று ஆரம்பித்தேன், மைக்கை மூடிவிட்டார்கள். இரண்டு நிமிடம் முடிந்துவிட்டதாம்.

சுருக்கத்தை எழுதியதும் ஒரு இயந்திரம்தான், நாங்கள் சரிபார்த்துத்தான் போட்டோம் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். இயந்திரங்களை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று மனிதர்கள் பேசியதை இயந்திரமே எழுதுகிறதா? இது என்ன கூத்து! சரி, அது பொய் சொல்லவில்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறது. அதற்கு என்னைத் தெரியாது.

உனக்குத் தெரியுமே. சரிபார்த்தது நீதானே. அக்கா நன்றி சொல்ல ஆரம்பித்தால் பின்னால் ஒரு அழுகை வருகிறது என்று கூடவே வளர்ந்த உனக்குமா தெரியாமல் போயிற்று? எனக்கு அந்த வரியை விட இதைத்தான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சுருக்கம் அந்த அறைக்குப் போகிறது என்றாய். அதற்குள் அந்த வரியை எடுத்துவிடு. நான் சொல்ல வந்ததை எழுது: கண் சரியாகத் திறக்காத மனிதனைத் தூங்குகிறான் என்று ஒரு இயந்திரம் சொன்னால், இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? இது ஒன்றுதான் என் கேள்வி. மாற்ற உனக்கு அதிகாரம் இல்லையென்றால் அதை என்னிடம் நேராகச் சொல்லிவிடு. சிஸ்டம் அப்படி என்று மட்டும் நீயும் சொல்லிவிடாதே.

இப்போது கேட்கிறேன். சௌக்கியமா? சுஷ்மாவுக்கு இருமல் விட்டதா? உங்கள் பெண் ஹம்ஸினி தமிழில் நாலு வார்த்தையாவது பேசுகிறாளா?

அத்தானுக்குத் திங்கட்கிழமை ஆலையில் விசாரணை. கண்ணாடி முன்னால் நின்று இமையைத் தூக்கிப் பிளாஸ்திரி ஒட்டிப் பழகுகிறார். அப்படியே திரும்பி, சந்தீப்பைத் திட்டி எழுதாதே, அவன் நன்றாக இருக்கட்டும் என்றார். நானும் அதைத்தான் சொல்கிறேன். நன்றாக இரு தம்பி.

ஆசிகளுடன்,
உன் அக்கா
பூர்ணா