பையின் மேல் உங்கள் எழுத்து

மல்கிரேவ்,
14.06.2008

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் சிவமணி எழுதுகிறேன். நான் நல்ல சுகம். இதை முதலே சொல்லிவிட்டால் மிச்சத்தை ஆறுதலாக வாசிப்பீர்கள். உங்களுக்கு உடம்பு எப்படி?

போன கிழமை கந்தோரில் ஒரு கூத்து. எங்கள் கம்ப்யூட்டர் புரோகிராம் ஓடும்போது தனக்கு நடப்பதையெல்லாம் குறிப்பாக எழுதிக்கொண்டே இருக்கும். அதை நேரே எழுதாமல், நடுவில் லைப்ரரி என்கிற இன்னொரு சின்னப் புரோகிராமிடம் சொல்லும்படி மாற்றினேன். அது கேட்டு, உரிய ஃபைலில் சேர்ப்பிக்கும். ஆனால் சேர்ப்பிக்கிற பகுதியை அதோடு இணைக்க மறந்துபோனேன். புரோகிராம் பிழை, பிழை என்று கத்தியிருக்கிறது. நடுவில் நின்றது எல்லாவற்றையும் கேட்டுச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது.

"ஒரு முறைப்பாடும் வரேல்லை, அப்ப எல்லாம் சரி எண்டெல்லோ இருந்தனாங்கள்!" என்று கூட வேலை செய்யும் விக்னராஜா அண்ணை தலையில் கைவைத்தார். பயப்படாதீர்கள், அன்றைக்கே சரிசெய்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். முந்தி நீங்களே எழுதுவீர்கள். இந்த வருடம் வந்ததெல்லாம் தம்பியின் கையெழுத்து. எல்லாவற்றிலும் "அம்மா நல்ல சுகம்". தம்பி நல்லவன்தான்.

இங்கே இப்போது குளிர்காலம், சரியான குளிர். கதிரை இருந்தும் குசினியில் நின்றபடியே சாப்பிடுகிறேன். மிளகாய்த்தூள் முடியப்போகிறது. ஊருக்கு வந்திருக்கும் விமலாதேவி அன்ரி இங்கே திரும்பும்போது ஒரு பையில் கொஞ்சம் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும். பையின் மேல் என் பெயரைத் தம்பி எழுத வேண்டாம். நீங்களே எழுதுங்கள், அம்மா. கை நடுங்குகிறதா என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

சிவமணி